கத்தி படாமல் நிமிர்ந்த இடுப்பு... மரக்காணம் உப்பளம் முதல் இடையஞ்சாவடி வரை!

“எனக்கு 44 வயது. இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது என்கிறார்கள். இடது காலில் பாதம் வரை வலி இழுக்கிறது. ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? சரியானாலும் மறுபடி மண்வெட்டி பிடிக்க முடியுமா?”

நமது கேள்வி-பதில் பகுதிக்குப் பயிர், மாடு, மண் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இப்படியும் கடிதங்கள் வருகின்றன. இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல இது. எனவே, குனிந்து நிமிர்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு வட்டாரத்துக்கு நேரில் போய்ப் பார்த்து வரலாம் என்று கிளம்பினோம்.

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தின் வடக்கே மரக்காணம் உப்பளம். தெற்கே, ஆரோவிலை ஒட்டிய செம்மண் மேட்டில் வானூர் வட்டத்து இடையஞ்சாவடி. இரண்டுக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் அளவுதான் தூரம். ஒரு முனையில் உப்பு வாருகிறார்கள். மறுமுனையில் முந்திரியும் மல்லாட்டையும் எடுக்கிறார்கள். இரண்டு வேலைக்கும் இடுப்புதான் மூலதனம்.

விடியும் முன் குனியும் ஊர்

மாசி கடைசியில் மரக்காணத்தில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் வரவில்லை. ஆனால், பாத்திகளில் ஆட்கள் இருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசும், வெக்கை ஆளைத் தள்ளும். அதனால் இருட்டிலேயே இறங்கி, முற்பகலுக்குள் வேலையை முடித்துக்கொள்வது இங்கே வழக்கம். நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் உப்பை வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். பிறகு குனிந்து கூடையில் அள்ளி, தலைக்கு ஏற்றி, மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அள்ளும்போது குனிய வேண்டும், தூக்கும்போது திரும்ப வேண்டும். பாத்தியோ வழுக்கும்.

ஐம்பது வயதைத் தொட்ட ஓர் அம்மா, கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்தபடி பேசினார். “ரெண்டு வருஷமா இருக்குது தம்பி. மொதல்ல இடுப்பு மட்டுந்தான். இப்போ வலது காலு பூரா இழுக்குது. போன மாசத்துல இருந்து வலி கொறஞ்சாப்புல இருக்குது. ஆனா, நடக்கச்சொல்ல செருப்பு தானா கழண்டு போவுது. கழண்டதே தெரிய மாட்டேங்குது. நாலு எட்டு போன பிறவு பார்த்தா காலு வெறுங்காலா இருக்கும்” என்றார் சிரித்துக்கொண்டே.

மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். “மாத்திரை வாங்கிப் போட்டுக்குறேன். மழை வந்தா வேலை நின்னுடும். அப்போதான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்” என்றார். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளம் மூழ்கிவிடும். வேலையில்லாத அந்த மாதங்களுக்குத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. மற்றபடி, ஆண்டு முழுவதுக்குமான சம்பாத்தியம் இந்த வெயில் மாதங்களில்தான். ‘ஆறு வாரம் குனியாதீர்கள்’ என்று இங்கே ஒருவரிடம் சொல்வது எளிது. அதை அவர் எப்படிக் கடைப்பிடிப்பார் என்பதுதான் கேள்வி.

அந்தச் செருப்பு விஷயத்தின் பொருள் எங்களுக்கு அன்று மதியம்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

நுங்கும் நாரும்

டிஸ்க் என்றால் என்ன என்பதை இந்தக் கடற்கரையில் நிற்கும் பனை மரத்தை வைத்தே சொல்லிவிடலாம். முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவே 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் நுங்குச் சதை போன்ற வழவழப்பான உட்கரு. அதைச் சுற்றி, பனைநாரைப் பல அடுக்காகச் சுற்றிக் கட்டியதுபோல் ஒரு வளையம். நாம் நடக்க, ஓட, சுமக்க அதிர்ச்சியைத் தாங்குவது இந்த அமைப்புதான்.

குனிந்து, திரும்பி, பாரம் தூக்குவதை ஆண்டுக்கணக்கில் செய்தால் நார் வளையத்தின் பின்பக்கம் நைந்துபோகும். உட்கரு அந்தப் பக்கம் புடைக்கும். சிலருக்கு நார் கிழிந்து வெளியே பிதுங்கும். அது காலுக்குப் போகும் நரம்பின் வேரைத் தொட்டால், இடுப்பில் தொடங்கும் வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இறங்கும். இதைத்தான் ‘சயாட்டிகா’ என்கிறார்கள். இடுப்பில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது கடைசி இரண்டு டிஸ்க்குகள். மருத்துவ அறிக்கையில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று எழுதியிருப்பது இவற்றைத்தான்.

எந்த நிலையில் டிஸ்க்குக்கு எவ்வளவு பாரம்? 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள், ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள்ளேயே சிறிய அழுத்தமானியை வைத்து அளந்து வெளியிட்டார்கள். நிமிர்ந்து நிற்கும்போது இருக்கும் அழுத்தத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் குனிந்தால் 2 மடங்குக்கு மேல். முதுகை வளைத்தபடி 20 கிலோ தூக்கினால் 4.6 மடங்கு. அதே 20 கிலோவை முழங்காலை மடக்கித் தூக்கினால் 3.4 மடங்கு. மார்போடு அணைத்துப் பிடித்தால் 2.2 மடங்கு. 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 3.6 மடங்கு. படுத்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. உப்புக் கூடை, யூரியா மூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இரவு தூங்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி ஊறுகிறது. அழுத்தம் படுக்கும்போது இருந்ததைவிட விடியலில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஊறிப் புடைத்த டிஸ்க்கோடு குனிந்தால் நார் வளையம் அதிகமாக இழுபடும். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில், கூடுதலாக ஊறிய நீரின் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. 1998-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களை எழுந்தவுடன் குனிவதைத் தவிர்க்கச் சொன்னார்கள். அதற்கே வலி நாட்கள் குறைந்தன.

உப்பளத்திலும் வயலிலும் மாட்டுக்கொட்டகையிலும் நாம் குனியத் தொடங்குவது சரியாக அந்த நேரத்தில்தான். வேலை நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் வரிசையை மாற்றலாம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் நின்று செய்யும் வேலை, நடக்கும் வேலை. குனியும் வேலையும் சுமக்கும் வேலையும் அதற்குப் பிறகு. காசு செலவில்லாத முதல் சிகிச்சை இது.

படத்தில் தெரிவதும் உடம்பில் இருப்பதும்

மரக்காணத்திலிருந்து தெற்கே வரும் பேருந்து, சவுக்குத் தோப்புகளையும் தர்பூசணி வயல்களையும் தாண்டிக் காலாப்பட்டுக்குள் நுழைகிறது. அது புதுச்சேரி எல்லை. இந்த வட்டாரத்து மக்கள் பெரிய வைத்தியம் என்றால் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குப் போகிறார்கள். இல்லையென்றால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. தனியார் மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் வழியெங்கும் இருக்கின்றன.

புதுச்சேரியில் நாங்கள் சந்தித்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொன்ன முதல் விஷயம், “எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள்” என்பது. படத்தில் தெரியும் புடைப்பு எல்லாமே நோய் அல்ல. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவிகிதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவிகிதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. தலை நரைப்பதுபோல் அதுவும் வயதோடு வருவது. படமும், காலில் இருக்கும் வலியும், மருத்துவர் தொட்டுப் பார்த்த சோதனையும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது வலிக்குக் காரணம்.

இரண்டாவது விஷயம் இன்னும் வியப்பானது. வெளியே பிதுங்கிய உட்கருவை உடம்பு அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தின்று கரைத்துவிடுகிறது. 2015-ல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வின்படி, சாதாரணப் புடைப்பு தானாகச் சுருங்கியது 13 சதவிகிதம் பேருக்குத்தான். நார் கிழிந்து வெளியே பிதுங்கியது 70 சதவிகிதம் பேருக்குச் சுருங்கியது. துண்டாகவே பிரிந்து விழுந்தது 96 சதவிகிதம் பேருக்கு. ‘பெரிதாக வெளியே வந்துவிட்டது’ என்ற அறிக்கையே நம்பிக்கை இழக்கக் காரணம் அல்ல.

அப்படியானால் அறுவை சிகிச்சை தேவையே இல்லையா? 2007-ல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்த ஆய்வு இதற்கு நேர்மையான பதில் தருகிறது. எல்லோருக்குமே ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடுமையான கால்வலி. ஒரு பாதிக்கு உடனே அறுவை சிகிச்சை. மறுபாதிக்கு மருந்து, பயிற்சி, காத்திருப்பு. உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால், ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவிகிதம் பேர் வலி தாங்காமல் இடையில் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தருவது நேரத்தை. அந்த நேரம் யாருக்கு எவ்வளவு தேவை என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஆனால், சிலர் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடமெல்லாம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரம். இரவானாலும் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு திரும்பாமல் போகலாம். இடுப்புவலியோடு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் போன்ற வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

“இன்னொரு அடையாளம் உண்டு. வலி குறைந்திருக்கும், ஆனால் பாதத்தைத் தூக்க முடியாது. குதிகாலால் நடக்கச் சொன்னால் முன்பாதம் தரையிலேயே கிடக்கும். செருப்பு கழன்று போவது தெரியாது. வலி போய்விட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் நரம்பு சோர்ந்துபோயிருக்கும்” என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மரக்காணத்து அம்மா சொன்னது அப்படியே இருந்தது. அவர் மகனின் எண்ணுக்கு உடனே பேசினோம். மழை வரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள் என்று சொன்னோம். நான்கு நாள் கழித்து அரசு மருத்துவமனையில் சேர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும்போது பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கத்தியில்லாமல் தேறுவதைப் பற்றிய கட்டுரையில் இதையும் சொல்லத்தான் வேண்டும். வலியை வைத்து அல்ல, பலத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒற்றடம், வர்மம், வெந்நீர்க் குளம்

பொம்மையார்பாளையம் தாண்டினால் சின்ன முதலியார்சாவடி. இங்கே கடற்கரையில் ஆரோவிலின் ‘குவைட்’ சிகிச்சை மையம் இருக்கிறது. உடல் சூட்டுக்கு நெருக்கமான வெதுவெதுப்பான நீர்க் குளத்தில் ஆளை மிதக்கவிட்டு, தாங்கிப் பிடித்து, மெதுவாக அசைத்து நீட்டும் ‘வாட்சு’ என்ற முறை இங்கே நடக்கிறது. தண்ணீரில் உடம்பின் பாரம் குறைவதால், தரையில் அசைய முடியாத இடுப்பும் அங்கே அசைகிறது. கட்டணம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை இது. கிராமத்துக் கிணற்றிலோ குளத்திலோ மார்பளவு நீரில் மெதுவாக நடப்பதும் அதே தத்துவம்தான். நீச்சல் தெரிந்தவர்கள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம்.

நம் வீடுகளில் இருக்கும் வைத்தியம் ஒற்றடம். கல்லுப்பையும் தவிட்டையும் வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவதும், நொச்சி இலையை வதக்கி ஒற்றுவதும் இறுகிய தசையைத் தளர்த்தும். டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. ஆனால், தசை தளர்ந்தால் நடக்க முடியும். நடந்தால் தேறுவது எளிது. கால் மரத்திருப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் சூட்டைப் புறங்கையில் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும்.

சித்த மருத்துவத்தில் வர்மமும் தொக்கணமும் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவுகள் இயங்குகின்றன. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்ம சிகிச்சையும் உண்டு. தொக்கணம் ஒன்பது வகை. அதில் அழுத்தலும் பிடித்தலும் ஒன்று, முறுக்கலும் இழுத்தலும் வேறு. காலுக்கு வலி இறங்கும் நிலையில் இருப்பவரை, படிக்காத கை முறுக்கவோ முதுகில் ஏறி மிதிக்கவோ கூடாது. சுளுக்கு எடுப்பவரிடம் போவதற்கு முன், அது சுளுக்கா நரம்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மசாஜ் போன்ற கைச்சிகிச்சை ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் ‘டிராக்‌ஷன்’ முறையையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. நம் ஊரில் இடுப்புவலி என்றதும் முதலில் வாங்குவது பெல்ட்தான்.

வலி மாத்திரை விஷயத்தில் உப்பளத்துக்காரர்களும் வயலில் வேலை செய்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வியர்வை கொட்டி, தண்ணீர் குடிக்காமல் இருக்கும் உடம்பில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். தமிழ்நாட்டு உப்பளங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனத்தார் செய்த ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் இருப்பதை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடக் கூடாது. நரம்பு வேரின் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி, சிலருக்குச் சில வாரங்கள் வலியைத் தணிக்கும். பயிற்சி செய்ய அது அவகாசம் தரும். சர்க்கரை நோயாளிகளுக்கு அதனால் சர்க்கரை ஏறும் என்பதை முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

செம்மண் மேட்டில் ஓர் ஆண்டு

கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே ஏறினால் மண்ணின் நிறம் மாறுகிறது. குயிலாப்பாளையம் கடந்து இடையஞ்சாவடி. முந்திரி பழுக்கும் வாசம் தெருவரை வருகிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு மரமற்று, மழைநீர் அறுத்த பள்ளங்களாகக் கிடந்தது. சின்னச் சின்ன வரப்பு போட்டு, மழைநீரை நிறுத்தி, மரம் நட்டுத்தான் மண் மீண்டது.

இங்கே ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டையும் கொஞ்சம் முந்திரியும் வைத்திருக்கும் 46 வயது விவசாயி ஒருவரைச் சந்தித்தோம். பெயர் வேண்டாம் என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், வண்டியிலிருந்து யூரியா மூட்டையை இழுத்துத் திரும்பியபோது இடுப்பில் ‘சுருக்’ என்றிருக்கிறது. மறுநாள் எழ முடியவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, இரண்டு நாளில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“மாட்டை வித்துட்டுப் பணம் கட்டலாம்னு இருந்தேன். எங்க மச்சான்தான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயும் ஒருக்கா காட்டுவோம்னு கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் காலைத் தூக்கச் சொன்னாரு, குதிகால்ல நடக்கச் சொன்னாரு, ஒண்ணுக்குச் சரியா போவுதான்னு கேட்டாரு. எல்லாம் சரியா இருந்துச்சு. ‘ஆறு வாரம் பாப்போம். பலம் கொறஞ்சா ஓடியாந்துடு’ன்னாரு” என்கிறார்.

முதல் மூன்று வாரம் கொடுமை. இரண்டு நாள் படுத்திருந்தவரை, அதற்கு மேல் படுக்கக் கூடாது என்று எழுப்பி நடக்க வைத்திருக்கிறார்கள். 1999-ல் 183 சயாட்டிகா நோயாளிகளை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர்களும், முடிந்த வரை நடமாடியவர்களும் பன்னிரண்டு வாரத்தில் ஒரே அளவில், 87 சதவிகிதம் பேர், தேறியிருந்தார்கள். படுத்துக் கிடந்ததால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

அவருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சி எளியது. பாயில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம். பிறகு முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்கி இரண்டு நிமிடம். பழகியபின், இடுப்பு பாயிலேயே இருக்க, கையை ஊன்றி மேலே எழுந்து இறங்குவது பத்து முறை. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி 1956-ல் தற்செயலாகக் கண்டது இது. தலைப்பக்கம் உயர்த்தியிருந்த படுக்கையில் ஒரு நோயாளி தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சற்று நேரத்தில் அவருக்குக் கால்வலி விட்டுவிட்டது. வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், இடுப்புக்கும் ஏறினால் நல்ல அடையாளம். இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை. மாறாக, வலி காலில் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். எல்லோருக்கும் இந்தப் பயிற்சி பொருந்தாது. அதனால் முதல் முறை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது மாதம் அவருக்கு வலி முழங்காலுக்கு மேலே ஏறியது. மூன்றாவது மாதம் இடுப்போடு நின்றது. ஓராண்டில் வயல் வேலைக்கு முழுதாகத் திரும்பினார். ஆனால், விலை இல்லாமல் இல்லை. ஆபரேஷனுக்கு விற்காத மாட்டை, குந்தி உட்கார்ந்து கறக்க முடியாமல் கடைசியில் விற்றுத்தான் விட்டார். அந்த ஆண்டு முந்திரியைப் பங்குக்கு விட்டார். மல்லாட்டையை அவர் மனைவி ஆள் வைத்து எடுத்தார். இப்போதும் நீண்ட தூரம் பஸ்ஸில் போனால் இடுப்பு கனக்கிறது. சுண்டுவிரல் ஓரம் லேசாக மரத்தே இருக்கிறது. “முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா, இது ஒரு வருஷத்து வேலைன்னு மொதல்லயே சொல்லிட்டதால பயம் இல்லாம இருந்தேன்” என்கிறார்.

கருவியை மாற்றினால்

அவர் வயலில் மாறியிருப்பது கருவிகள். களைக்கொத்து போய், நின்றபடி தள்ளி இழுக்கும் நீண்ட கைப்பிடி களைக்கருவி வந்திருக்கிறது. மானாவாரி நிலத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நட்சத்திர வடிவச் சக்கரம் வைத்த களைக்கருவியை உருவாக்கியிருக்கிறது. வரிசை நடவு செய்த நெல்லில் கோனோவீடர் இருக்கிறது. திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், அருகில் உள்ள வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். மல்லாட்டைக் கொடியிலிருந்து காய் பறிப்பதைத் தரையில் குந்திச் செய்யாமல், இடுப்பு உயரப் பலகையில் போட்டு நின்று செய்கிறார்கள்.

யூரியா மூட்டை 45 கிலோ. அதை வண்டியிலேயே பிரித்து, பாதிப் பாதியாக மார்போடு அணைத்து இறக்குகிறார். 16 லிட்டர் கைத்தெளிப்பானைப் பாதிதான் நிரப்புகிறார். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல், காலை நகர்த்தித் திரும்புகிறார். பீடியை விட்டிருக்கிறார். டிஸ்க்குக்கு நேரடி ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்துதான் அதற்கு ஆகாரம். புகை அந்த வரத்தையும் குறைத்துவிடும்.

மருத்துவமனைக்குப் போய்வரக் கூலி இழக்க முடியாதவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

வாசகர் கேள்விகள்

கட்டாந்தரையில் படுத்தால் டிஸ்க் சரியாகுமா?

வேண்டியதில்லை. 2003-ல் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரிடம் நடந்த ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது. குழி விழாத கயிற்றுக் கட்டிலில் கனமான விரிப்புப் போட்டும் படுக்கலாம். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்வது பலருக்கு இதமாக இருக்கும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துக் கையூன்றி எழுங்கள்.

காலை 5 மணிக்குப் பால் கறக்க வேண்டும். என்ன செய்வது?

எழுந்து அரை மணி நேரமாவது நடமாடிவிட்டுக் கறவைக்குப் போங்கள். தீவனம் வைப்பது, தண்ணீர் காட்டுவது போன்ற நின்று செய்யும் வேலைகளை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். குந்தாமல், முழங்கால் உயர முக்காலியில் உட்கார்ந்து, மாட்டை ஒட்டி நெருங்கிக் கறக்க வேண்டும். கலயத்தை எட்டிக் குனிந்து பிடிப்பதுதான் கெடுதல்.

ஆபரேஷன் செய்துகொண்டால் மறுபடி வராதா?

அழுத்தும் துண்டை எடுத்துவிடுவார்கள். கால்வலிக்கு நல்ல பலன் உண்டு. ஆனால், அதே டிஸ்க்கில் சிலருக்கு மீண்டும் வருவதுண்டு. செய்தவரும் செய்யாதவரும் குனியும் முறையையும் தூக்கும் முறையையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

டிராக்டர், பவர் டில்லர் ஓட்டலாமா?

கால்வலி இருக்கும் வாரங்களில் வேண்டாம். தொடர் அதிர்வு டிஸ்க்கைப் பாதிக்கும். தேறியபின் இருக்கையில் நல்ல மெத்தை போட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்துவிட்டு ஓட்டுங்கள். இறங்கிய கையோடு கலப்பையையோ மூட்டையையோ தூக்காதீர்கள். ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.